குழம்புக் கரண்டியில் பிடித்த சிறுநீர்: நாய்க்கு பிராஃப் சோதனை வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் வந்தவர்கள் இதை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பலாம். நாய்க்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருக்கிறதா என்று தேடும் கேடட் பிராஃப் என்கிற சிறுநீர்ச் சோதனைக்கு ஐந்துக்கு நாலரை. அதற்கப்புறம் ஒரு கிளினிக் எங்கள் தலையில் கட்டிய 'ஏற்பிப் பரிசோதனை'க்கு (கட்டிச் செல்லின் மேல் வெளிச் சேதியை வாங்கும் ஏற்பிகள் எவ்வளவு என்று அளப்பது) ஒன்றரை, அதுகூட ரிப்போர்ட்டைக் கலர் கலராக அச்சடித்துக் கொடுத்ததற்காக. டொசெரனிப் என்ற புற்றுநோய் மாத்திரைக்கு மூன்று. குழம்புக் கரண்டிக்கு ஐந்துக்கு ஐந்து. கரண்டி எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் மேலே படியுங்கள், கொஞ்சம் நீளம்தான்.

எங்கள் நாய் பெயர் மிளகு. பாதி பீகிள், மீதிப் பாதி என்னவென்று அவனுக்கே தெரியாது. நாங்கள் இருப்பது நார்த் கரோலினாவில், ராலேவுக்குப் பக்கத்தில் கேரி. பத்து வருடத்துக்கு முன்னால் என் மகள் பிடிவாதம் பிடித்து விலங்குகள் காப்பகத்திலிருந்து கூட்டி வந்தவன். இங்கே காப்பகத்திலிருந்து வரும் நாய்களுக்குப் பெரும்பாலும் விதைநீக்கம் செய்துதான் கையில் கொடுப்பார்கள், அவனுக்கும் குட்டியிலேயே ஆகிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், முடிச்சு அங்கேதான் இருக்கிறது. விதையே இல்லாத நாய்க்குப் புராஸ்டேட்டில், அதாவது சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற ஆண் சுரப்பியில், என்ன வந்துவிடப் போகிறது என்று நான் நினைத்தேன். அப்போது பார்த்துக்கொண்டிருந்த டாக்டரும் அப்படியே நினைத்திருப்பார் போல.

போன வருடம் அக்டோபரில் மலம் நாடா மாதிரித் தட்டையாக வர ஆரம்பித்தது. அப்புறம் சிறுநீர் போகக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பான், நிற்பான், நாலு சொட்டு வரும், கடைசிச் சொட்டில் சிவப்பு. டாக்டர் சிறுநீர்த் தொற்று என்றார், ஆன்டிபயாடிக் கொடுத்தார். பத்து நாள் நன்றாக இருந்தான். திரும்ப வந்தது, திரும்ப மாத்திரை. மூன்றாவது முறையும் மாத்திரைதான். மூன்று மாதத்தில் ஒருமுறைகூடக் கையுறை போட்டு ஆசனவாய் வழியாக விரலை விட்டுப் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிட வேலையை, அவர் விடுமுறையில் இருந்தபோது பதிலுக்கு வந்த இளம் டாக்டர் ஒருத்தி செய்தாள். விரலை எடுத்ததும் அவள் முகம் மாறியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. விதைநீக்கம் செய்த நாய்க்குப் புராஸ்டேட் சுருங்கிச் சின்னதாகக் கிடக்க வேண்டும், இவனுக்குக் கல் மாதிரி, மேடும் பள்ளமுமாக, ஒரு பக்கம் பெரிதாக இருக்கிறது என்றாள். அல்ட்ராசவுண்டில் உள்ளே சுண்ணாம்பு படிந்த வெள்ளைப் புள்ளிகள். விதைநீக்கம் செய்த நாயின் புராஸ்டேட்டில் அந்தப் புள்ளிகள் தெரிந்தால் முதலில் புற்றுநோயைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம், ஏனென்றால் மனிதர்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயை மனதில் வைத்துக்கொண்டு போனால் எல்லாமே தப்பாகப் புரியும். எனக்கு அப்படித்தான் ஆனது. நான் டாக்டர் இல்லை, இங்கே மருந்துச் சோதனைகள் நடத்தும் ஒரு கம்பெனியில் புள்ளிவிவர அட்டவணைகளோடு பதினாலு வருடமாகக் குப்பை கொட்டுகிறவள், அதனால் ராத்திரி உட்கார்ந்து கட்டுரைகளைப் படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. இயற்கையாகவே புராஸ்டேட் புற்றுநோய் வருகிற பிராணிகள் மனிதனை விட்டால் நாய் ஒன்றுதான் என்று சொல்லலாம். நாயிலும் அது அரிதுதான். ஆனால் வந்துவிட்டால் மனிதனுக்கு வருவதுபோல மெதுவாக நகராது. இன்னொன்று, அது பெரும்பாலும் ஆண் ஹார்மோனைச் சார்ந்து இருப்பதில்லை. விதைநீக்கம் செய்யாத கிழ நாய்களுக்கு வருவது வேறு, அது வெறும் வீக்கம், விதையை எடுத்தால் தானாகச் சுருங்கிவிடும். புற்றுநோயோ விதைநீக்கம் செய்த நாய்களுக்கே அதிகம் வருகிறது என்று 2002இல் நெதர்லாந்திலும், 2007இல் அமெரிக்காவிலும் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக யாரும் விதைநீக்கமே செய்யாதீர்கள் என்று கிளம்பிவிட வேண்டாம், மொத்தத்தில் இது அபூர்வமான நோய், அந்தக் கணக்கு வேறு.

இதில் ஒரு வேடிக்கை. மனிதர்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனை அடக்கும் சிகிச்சையைக் கண்டுபிடித்தவர் சிகாகோவில் இருந்த சார்லஸ் ஹக்கின்ஸ், அதற்காக 1966இல் நோபல் பரிசு வாங்கினார். அவர் அதற்கு வழி கண்டது நாய்களின் புராஸ்டேட்டை வைத்துச் செய்த ஆராய்ச்சியில். நாய் கொடுத்த வைத்தியத்தில் லட்சக்கணக்கான தாத்தாக்கள் பிழைத்தார்கள், நாய்க்கே அதே நோய் வந்தால் அந்த வைத்தியம் பலிக்காது. மனிதர்களுக்குச் செய்யும் பிஎஸ்ஏ ரத்தச் சோதனையும் நாய்க்கு உதவாது. சரி, பின்னே எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது?

ஊசி குத்திச் செல்லை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் ஊசி போன பாதையிலேயே புற்றுச் செல்கள் விதை தூவின மாதிரி இறங்கிவிடும் ஆபத்து உண்டு, சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய்களில் இது தெரிந்த விஷயம். ஊசி வேண்டாம், முதலில் சிறுநீரை அனுப்பிப் பார்ப்போம் என்று அந்த இளம் டாக்டர் சொன்னதுதான் கேடட் பிராஃப். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பிறந்த சரக்கு இது. ராலேவில் இருக்கும் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ பிரீன் என்பவரின் குழு 2015இல் 667 நாய்க் கட்டிகளை எடுத்து பிராஃப் என்கிற மரபணுவைப் படித்துப் பார்த்தது. மொத்தத்தில் பத்தில் ஒன்றுக்கும் குறைவான கட்டிகளில்தான் அதில் பிழை இருந்தது. ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் 25இல் 20க்கு அதே பிழை, ஒரே ஓர் எழுத்து மாறிய பிழை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் 45இல் 30க்கு. மனிதர்களின் தோல் புற்றுநோயில் வருகிற அதே மாற்றம், நாயின் கணக்கில் எண் மட்டும் வேறு. புற்றுச் செல்கள் சிறுநீரில் உதிர்ந்து வருமில்லையா, அந்த டிஎன்ஏவில் இந்தப் பிழை இருக்கிறதா என்று தேடுவதுதான் சோதனை. ரத்தம் கலந்திருந்தாலும் கிருமி இருந்தாலும் பரவாயில்லை, அது தேடுவது ஒரே ஒரு எழுத்துப்பிழையை.

இப்போது கரண்டி. கிட்டில் ஒரு டப்பா, அதில் சிறுநீர் கெடாமல் இருக்க மருந்து, அனுப்புவதற்கான பை. 30, 40 மில்லி வேண்டும். கேட்க எவ்வளவு சின்ன அளவு! நாலு நாலு சொட்டாகப் போகிற நாயிடம் 40 மில்லி என்பது வீராணம் ஏரி. நல்லவேளை, ஒரே தடவையில் பிடிக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று நாள் சேர்க்கலாம். முதல் நாள் டப்பாவை நேராகப் பிடித்தேன், மிளகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காலை இறக்கிவிட்டான். குனிந்து போனால் வெட்கப்படுகிறான், நிமிர்ந்து நின்றால் கை எட்டவில்லை. மகள்தான், "அம்மா, அந்த நீளக் குழம்புக் கரண்டிய எடுத்துட்டு வா, அவன் பாக்காத மாதிரி பின்னாடி இருந்து நீட்டு"ன்னு சொன்னாள். ஊரிலிருந்து வரும்போது என் மாமியார் கொடுத்துவிட்ட எவர்சில்வர் கரண்டி அது. "அத்தைக்குத் தெரிஞ்சா என்னடி ஆகும்?" என்றேன். "நீ சொல்லாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது." ஜனவரிக் குளிரில் காலை ஆறு மணிக்கு, நைட்டிக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, நாய்க்குப் பின்னால் கரண்டியோடு நான் பதுங்கிப் பதுங்கிப் போனதைத் தெருவில் யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் தெரியவில்லை. இரண்டரை நாளில் சேர்ந்துவிட்டது. கரண்டியைச் சுடுதண்ணீரில் நன்றாகக் கழுவி உலர்த்திவிட்டுப் பயன்படுத்துங்கள், தரையில் விழுந்ததை அள்ளாதீர்கள்.

ஒன்பதாவது நாள் பதில் வந்தது. பிழை இருக்கிறது. எங்களிடம் டாக்டர் வாங்கியது நானூறு டாலருக்குக் கொஞ்சம் கீழே, கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது, 'இருக்கிறது' என்று சொன்னால் சந்தேகமே பட வேண்டியதில்லை என்பது. வெறும் தொற்று, வெறும் வீக்கம் இருக்கும் நாயில் இது தவறிப்போய் 'இருக்கிறது' என்று வருவது மிக மிக அபூர்வம். மூன்று மாத ஆன்டிபயாடிக் குழப்பத்துக்கு அப்புறம் ஒரு தெளிவான பதில், அது கெட்ட பதிலாக இருந்தாலும், எங்களுக்கு வேண்டியிருந்தது.

அரை நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம் உண்டு. 'இல்லை' என்று வந்தால் நிம்மதியாகத் தூங்க முடியாது, ஏனென்றால் சோதனையை விற்பவர்கள் கணக்குப்படியே இந்தப் புற்றுநோய் உள்ள நாய்களில் சுமார் 15 சதவீதத்துக்கு பிராஃபில் பிழையே கிடையாது. அவர்களுக்காகவே பிராஃப் பிளஸ் என்று இன்னொன்று வைத்திருக்கிறார்கள், அது 13, 19, 36ஆம் குரோமோசோம்களில் கூடுதல் குறைவு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும், இரண்டும் சேர்ந்தால் 95 சதவீதம் வரை பிடித்துவிடும். முதல் சோதனையிலேயே அதையும் சேர்த்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், மறுபடியும் கரண்டி தூக்க வேண்டியிருக்காது. அப்புறம், பிழை சிறுநீர்ப்பையிலிருந்து வந்ததா புராஸ்டேட்டிலிருந்து வந்ததா என்றும் இது சொல்லாது. அதற்கு அல்ட்ராசவுண்டுதான் கதி. இதெல்லாம் சோதனையின் குறை என்றுகூடச் சொல்ல முடியாது, அது கேட்கிற கேள்வியே ஒன்றுதான். வாங்குகிற நாம்தான் அதற்கு மேல் எதிர்பார்க்கிறோம்.

அந்த எதிர்பார்ப்பில்தான் நான் ஏமாந்தேன். இனிமேல் வருவது ஒன்றரை நட்சத்திரக் கதை.

புற்றுநோய் பார்க்கும் ஒரு கிளினிக்குக்குப் போனோம், பெயர் வேண்டாம். சோபா, காபி மெஷின், சுவரில் சிரிக்கும் லாப்ரடார்கள், எல்லாம் மனிதர்களின் ஆஸ்பத்திரியைவிடப் பளபளப்பு. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம், இடுப்புப் பக்கம் ஒரு நிணநீர் முடிச்சு லேசாகப் பெரிது. மருத்துவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகப் பேசினார். வளர்ச்சிக் காரணி ஏற்பிகளைப் பற்றி ஒரு படம் வரைந்து விளக்கினார், உங்கள் நாயின் கட்டியில் எந்த ஏற்பி அதிகமாக இருக்கிறதோ அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஆளுக்கேற்ற சட்டை தைப்பதுபோல என்றார். யாருக்குத்தான் ஆசை வராது? கதீட்டர் என்கிற மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்த துளித் திசுவை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சிறுநீர்ச் சோதனையைப்போல மூன்று மடங்குக்கும் மேல் பில்.

அவர் சொன்னதில் பொய் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். விஷயம் உண்மையிலேயே சுவாரசியமானது. வளர்ச்சிக் காரணி என்பதையே உலகம் எப்படித் தெரிந்துகொண்டது பாருங்கள்: ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசி போட்டபோது, அவை கண் திறக்க வேண்டிய நாளுக்கு முன்னாடியே கண் திறந்துவிட்டன. தோலை வளரச் சொல்லும் ஏதோ ஒன்று அந்தச் சாற்றில் இருந்தது. அதற்கு 1986இல் நோபல். அந்தக் காரணி வந்து ஒட்டுகிற இடம்தான் செல்லின் மேல் இருக்கும் ஈஜிஎஃப்ஆர் என்கிற ஏற்பி, அதன் தம்பி ஹெர்2. ரத்தக்குழாய் வளரச் சொல்லும் ஏற்பிகள் வேறு, விஈஜிஎஃப்ஆர், பிடிஜிஎஃப்ஆர் என்று.

நான் இதை என் மகளுக்கு இப்படித்தான் சொன்னேன். ஏற்பி என்பது வாசலில் இருக்கிற காலிங் பெல். விருந்தாளி வந்து அழுத்தினால், கூடத்தில் இருக்கிற பெரியப்பா காதில் விழும், அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார், அது சமையலறை வரைக்கும் போகும், இன்னும் ரெண்டு தோசை ஊத்துவார்கள். செல் பெருகுவதும் இந்த மாதிரிதான், பெல் அடித்தால் தோசை. பிராஃப் என்பது நடுவில் இருக்கிற பெரியப்பா. பிழை வந்த பெரியப்பா, வாசலில் ஈ காக்கா இல்லாதபோதும் "இன்னும் ரெண்டு ஊத்து, இன்னும் ரெண்டு ஊத்து" என்று கத்திக்கொண்டே இருக்கிறார். மாவு தீர்ந்தாலும் விடமாட்டார். அதுதான் கட்டி.

உடனே அவள் கேட்டாள், "அப்ப பெல்ல கழட்டி என்ன பிரயோஜனம்? கத்துறது பெரியப்பாதானே?" பதினாறு வயதுப் பெண் கேட்ட கேள்வியை, இரண்டாயிரம் டாலருக்குக் கையெழுத்துப் போடும் முன்னால் நான் கேட்கவில்லை.

பதில் நான் நினைத்ததைவிடச் சிக்கல். பெரியப்பா வாயைப் பொத்தும் மருந்து இருக்கிறது. வெமுராஃபெனிப், மனிதர்களின் தோல் புற்றுநோய்க்கானது. இண்டியானாவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பிராஃப் பிழை உள்ள சிறுநீர்ப்பைப் புற்றுநோய் நாய்கள் 24க்குக் கொடுத்தார்கள், 9 நாய்களுக்குக் கட்டி சுருங்கியது, 2021இல் வந்தது. ஆனால் பாதி நாய்களுக்கு ஆறு மாதத்துக்குள் கட்டி திரும்ப வளர ஆரம்பித்துவிட்டது. ஆய்வகத் தட்டில் வளர்த்த நாய்ச் செல்களைப் பார்த்தால், பெரியப்பாவை மட்டும் அடக்கினால் ஈஜிஎஃப்ஆர் குடும்பத்து பெல்கள் பக்கவழியாகச் சேதியை உள்ளே அனுப்புகின்றன, இரண்டையும் சேர்த்து அடக்கினால்தான் செல்கள் படிகின்றன. பெல்லை மட்டும் கழற்றிய ஆய்வும் இருக்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் லபாடினிப் என்ற மருந்து, ஹெர்2வையும் ஈஜிஎஃப்ஆரையும் அடைப்பது, மனிதர்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்குத் தருவது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் நாய்கள் 44க்கு அதை பைராக்சிகாம் வலி மருந்தோடு கொடுத்தார்கள், பாதிக்கும் மேல் நாய்களுக்குக் கட்டி சுருங்கியது, நடுமட்டமாக (பாதி நாய்கள் அதற்கு மேல், பாதி அதற்குக் கீழே) 435 நாள் உயிரோடு இருந்தன, பைராக்சிகாம் மட்டும் சாப்பிட்ட நாய்கள் 216 நாள். ஹெர்2 நிறைய இருந்த நாய்களுக்குப் பலன் இன்னும் அதிகம். வாசலில் ஒரு பெல் இல்லாமல் நாற்பது பெல் வைத்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள், கழற்றினால் வித்தியாசம் தெரியத்தானே செய்யும்.

ஆனால் இதெல்லாம் சிறுநீர்ப்பை. புராஸ்டேட் பக்கத்து வீடு, அதே தெரு, அதே பெரியப்பா, ஆனால் அதே வீடு இல்லை. புராஸ்டேட் புற்றுநோய்த் திசுக்களில் இந்த ஏற்பிகள் சில நாய்களுக்கு ஏராளமாக இருக்கின்றன, சில நாய்களுக்குப் பெயருக்குத்தான் இருக்கின்றன. அதை அளந்து பார்ப்பதில் தப்பில்லை. அளந்ததை வைத்து ஏதாவது செய்கிறார்களா என்பதுதான் கேள்வி.

மிளகுவின் ரிப்போர்ட் மூன்று வாரம் கழித்து வந்தது. ஹெர்2 ஒரு பிளஸ், அதாவது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஈஜிஎஃப்ஆர் இரண்டு பிளஸ். ரத்தக்குழாய் ஏற்பிகள் 'உள்ளன'. பரிந்துரை: டொசெரனிப், வலி மருந்தோடு. சரி என்று வீட்டுக்கு வந்து ஃபைலில் வைக்கப் போனபோதுதான் பார்த்தேன், முதல் நாள் கொடுத்த செலவு மதிப்பீட்டுத் தாளிலேயே டொசெரனிப் இருக்கிறது, மாதம் எவ்வளவு என்று விலையோடு. திசு எடுப்பதற்கு முன்னாடியே! போன் போட்டுக் கேட்டேன்: ஹெர்2 மூன்று பிளஸ் என்று வந்திருந்தால் லபாடினிப் கொடுத்திருப்பீர்களா? அந்த மருந்தை நாங்கள் இதுவரை பயன்படுத்தியதில்லை என்றார், கொஞ்சம் யோசித்துவிட்டு. அப்போது எந்தப் பதில் வந்திருந்தாலும் அதே மாத்திரைதான். சட்டை முன்னாடியே தைத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், எங்களிடம் வாங்கியது அளவெடுக்கிற கூலி.

அந்த மூன்று வாரம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பணம் போனால் போகட்டும். நடுமட்டமாகச் சில மாதங்களே இருக்கும் நோயில் மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். 2018இல் பல மருத்துவமனைகள் சேர்ந்து 67 நாய்களைப் பற்றி எழுதிய ஆய்வில், மருந்து கொடுத்த புராஸ்டேட் புற்றுநோய் நாய்கள் நடுமட்டமாக வாழ்ந்தது 82 நாள். அதில் 21 நாள் காத்திருப்பு அறையில் போய்விட்டது என்று கணக்குப் போடுங்கள்.

டொசெரனிப் பற்றி. 2009இல் அமெரிக்க எஃப்டிஏ, நாய்க்கென்றே உருவாக்கிய முதல் புற்றுநோய் மருந்தாக அனுமதித்தது இதைத்தான், பலாடியா என்ற பெயரில். அனுமதி தோலில் வரும் மாஸ்ட் செல் கட்டிக்கு. புராஸ்டேட்டுக்கு டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் எழுதுகிறார்கள். விஈஜிஎஃப்ஆர், பிடிஜிஎஃப்ஆர், கிட் என்ற மூன்று ஏற்பிகளை அடைக்கிறது, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை வளரவிடாமல் பண்ணுவது முக்கிய வேலை. மிளகு 14 கிலோ. திங்கள், புதன், வெள்ளி 35 மில்லிகிராம், ஒரு பதினைந்தும் இரண்டு பத்தும். உடைக்கக் கூடாது, கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. அவன் இட்லிக்குள் வைத்தால் மாத்திரையைத் துப்பிவிட்டு இட்லியைத் தின்பான், நெய் தடவிய சப்பாத்தியில் சுருட்டினால் விழுங்கிவிடுவான். இடைப்பட்ட நாட்களில் பைராக்சிகாம். மனிதர்களுக்கான பைராக்சிகாம் 10 மில்லிகிராம் கேப்ஸ்யூலிலிருந்து ஆரம்பம், இவனுக்கு வேண்டியது 4, அதனால் மருந்தைக் கலந்து தயாரித்துத் தரும் ஒரு பார்மசியில் சொல்லிச் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை ரத்தம், ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், எல்லாம் பார்க்க வேண்டும், அந்தச் செலவை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள்.

பலன்? இரண்டாவது மாதம் ஸ்கேனில் கட்டி வளரவில்லை, சுருங்கவும் இல்லை. சிறுநீர் ஒரே நீரோட்டமாகப் போனான், மகள் கைதட்டினாள். மூன்றாவது வாரத்தில் வயிறு கலங்கிச் சாப்பாட்டை ஒதுக்கினான், லேபிளில் போட்டிருக்கும் பக்கவிளைவுதான், ஒரு வாரம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. கட்டி வளராமல் நின்றது டொசெரனிப்பின் வேலையா பைராக்சிகாமின் வேலையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பைராக்சிகாம் வகை மருந்துக்கே நல்ல பெயர் உண்டு, 2004இல் வந்த ஓர் ஆய்வில் அந்த வகை மருந்து கொடுத்த நாய்கள் 6.9 மாதம், கொடுக்காதவை 0.7 மாதம். சின்ன ஆய்வு, இருந்தாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். மலிவான மருந்து வேறு. அதனால்தான் விலை உயர்ந்த மாத்திரைக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

கதிர்வீச்சைப் பற்றியும் கேட்டேன். 18 நாய்களுக்கு நுணுக்கமான கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்ததில் நடுமட்டம் 563 நாள் என்று 2020இல் ஒரு கட்டுரை இருக்கிறது, இந்த நோயில் நான் பார்த்த எண்களில் பெரியது அதுதான். நாள் தவறாமல் மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைக்க வேண்டும், பல வாரம். பத்து வயது நாய், பெரிதான நிணநீர் முடிச்சு, எங்கள் பேங்க் பேலன்ஸ், எல்லாவற்றையும் யோசித்து வேண்டாம் என்று முடிவு செய்தோம். நோய் பரவாத, இன்னும் சின்ன நாய் என்றால் நான் ஏற்பி ரிப்போர்ட்டுக்குப் போட்ட பணத்தை அங்கே போட்டிருப்பேன். டோக்கியோக்காரர்களே புராஸ்டேட் நாய்கள் 23க்கு மொகமுலிசுமாப் என்ற வேறொரு மருந்தையும் பார்த்திருக்கிறார்கள். அதுவும் ஓர் ஏற்பியைத்தான் குறிவைக்கிறது, ஆனால் வளர்ச்சி ஏற்பி இல்லை, கட்டிக்குக் காவல் நிற்கும் நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் இருப்பது. 312 நாள், அது இல்லாமல் 99 நாள். வாசல் பெல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு இது வேறு வாசல். இப்போதைக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிவிட முடியாது.

யார் இந்தச் சிறுநீர்ச் சோதனையை வாங்கலாம்? விதைநீக்கம் செய்த ஆண் நாய், நடுவயது தாண்டியது, ஆன்டிபயாடிக் கொடுத்தும் சிறுநீரில் ரத்தம் திரும்ப வருகிறது என்றால் இரண்டாவது சுற்று மாத்திரைக்குப் பதில் இதை வாங்குங்கள், ஆனால் அதற்கு முன்னால் டாக்டரைக் கையுறை போடச் சொல்லுங்கள், அது இலவசம் மாதிரிதான். ஸ்காட்டிஷ் டெரியர், ஷெட்லேண்ட் ஷீப்டாக், பீகிள் மாதிரி சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அதிகம் வருகிற ஜாதி என்றால் அறிகுறி இல்லாமலேயே அவ்வப்போது செய்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், கட்டி கண்ணுக்குத் தெரிவதற்குச் சில மாதம் முன்னாடியே பிழை சிறுநீரில் வந்துவிடும். அப்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்று முதலில் வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். விதைநீக்கம் செய்யாத நாய்க்குப் புராஸ்டேட் வீங்கியிருந்தால் பதறாதீர்கள், பெரும்பாலும் அது வேறு.

ஏற்பிப் பரிசோதனையை யாராவது விற்க வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தப் பதில் வந்தால் எந்த மருந்து, அந்த மருந்தை நீங்கள் கொடுத்திருக்கிறீர்களா, எனக்கு எழுதித் தாருங்கள். வாயில் சொன்னால் போதாது. நாங்கள் கேட்காத கேள்வி அது.

மிளகு ஆகஸ்ட் வரை இருந்தான். ஏழு மாதம். கடைசி இரண்டு வாரத்தில் பின்னங்கால் இழுத்தது, இடுப்பு முதுகெலும்புக்கு வந்துவிட்டது என்றார்கள், இந்த நோய்க்குப் பிடித்த இடம் அது. வீட்டுக்கே வந்து ஊசி போட்ட டாக்டர் அந்த இளம் பெண்தான், கூப்பிட்டதும் வந்தாள், அவளுக்கு நட்சத்திரம் கொடுக்க இங்கே கட்டம் இல்லை.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவள் கொடுத்த இரண்டாவது கிட் அலமாரியில் பிரிக்காமலே கிடந்தது. எதிர்வீட்டில் ஒரு ஸ்காட்டிஷ் டெரியர், எட்டு வயது, காலைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறது என்று போன வாரம் சொன்னார்கள். காலாவதித் தேதியைப் பார்த்து கிட்டைக் கொடுத்தேன், கூடவே கரண்டியையும். திருப்பித் தர வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.